4 கண்ணி, 44 கண்ணி, திரும்ப 4: ஒரு அடுப்படித் துணியின் கணக்கு

(ஒலி வடிவத்தில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு சின்ன வேலை. நீங்க இப்ப டி-ஷர்ட் போட்டிருந்தா அதோட கீழ் ஓரத்தைக் கண்ணுக்குப் பக்கத்துல கொண்டு வாங்க. நல்லா உத்துப் பாருங்க. சின்னச் சின்ன அம்புக்குறி மாதிரி, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்ச வரிசைகள் தெரியுதா? இப்ப துணியைத் திருப்பி உள்பக்கம் பாருங்க. அம்புக்குறி காணாமப் போயிருக்கும். அதுக்குப் பதிலா படுக்கை வாட்டத்துல சின்னச் சின்ன மேடு தெரியும்.

நீங்க பார்த்தது நிட்டிங். வேட்டியும் புடவையும் நெய்த துணி. அதில் பாவு நூல் நீளவாக்கில் போகும், ஊடை நூல் குறுக்கே போகும். பனியனும் டி-ஷர்ட்டும் அப்படி இல்லை. ஒரே நூல் கண்ணி கண்ணியாக வளைந்து, முந்தின வரிசைக் கண்ணிக்குள் நுழைந்து போகிறது. அதனால்தான் பனியன் இழுத்தால் நீளும், வேட்டி நீளாது. திருப்பூரில் மிஷின் வட்டமாகச் சுற்றிச் சுற்றிச் செய்கிற அதே வேலையைத்தான், கையில் இரண்டு ஊசி வைத்துக்கொண்டு ஒருவர் மெதுவாகச் செய்கிறார்.

ஸ்வெட்டர் தேவைப்படாத ஊர்க்காரங்க நாம. ஊட்டி, கோத்தகிரி பக்கம் போனால்தான் நமக்குக் கம்பளி நினைப்பே வரும். சமவெளியில் இருக்கிற ஒருத்தர் நிட்டிங் கத்துக்கிட்டு என்ன பண்றது? இதுக்கு ஒரு நல்ல பதில் இருக்கு: பருத்தி நூலில் ஒரு அடுப்படித் துணி. பாத்திரம் தேய்க்கலாம், மேடை துடைக்கலாம், சூடான சட்டியைப் பிடிச்சு இறக்கலாம். அமெரிக்காவில் நிட்டிங் கத்துக்கிற பல பேரோட முதல் உருப்படியே இந்தத் துணிதான். தப்பு வந்தாலும் பாத்திரத்துக்கு அது தெரியாது.

இன்னைக்குப் பேசப்போறது அந்தத் துணியைப் பத்தியும், அதைப் பல பேர் சேர்ந்து ஒரே நேரத்துல பின்றதைப் பத்தியும். அப்படிச் சேர்ந்து பின்னின ஒரு சமயத்துல, செஞ்சிப் பக்கம் தளவானூர்ல இருக்கிற என் அத்தைக்கு நான் ஒரு தப்பு செஞ்சேன். அதையும் சொல்றேன்.

சேர்ந்து பின்றதுன்னா என்ன?

ஆங்கிலத்தில் இதை நிட்-அலாங் என்பார்கள். ஒரே மாதிரி, ஒரே தேதியில் ஆரம்பம், தினமும் இத்தனை வரிசை என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது. ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில் இருந்தே பின்னுவார்கள். சில குழுக்களில் முழு மாதிரியையும் முதலிலேயே தரமாட்டார்கள். தினம் சில வரிசைகளுக்கு மட்டும்தான் குறிப்பு வரும். அஞ்சாறு நாள் போனபிறகுதான் துணியில் தெரிவது பூவா, பறவையா என்று புரியும். தொடர்கதை படிக்கிற மாதிரி.

இது ஏதோ வெளிநாட்டுப் பழக்கம்னு நினைக்க வேண்டாம். மார்கழி மாசத்தை நினைச்சுப் பாருங்க. பத்திரிகையில் நாளுக்கொரு கோலம் வரும். விடியற்காலை தெருவில் வீட்டுக்கு வீடு ஒருத்தர் குனிந்து புள்ளி வைப்பார். தனித்தனி வாசல்தான், ஆனால் எல்லாரும் அந்த நேரத்துல அதே வேலையைத்தான் செய்றாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். எதிர்வீட்டுக் கோலத்தைப் பார்த்துட்டு நம்ம கோலத்தில் ஒரு சுழியைச் சேர்ப்போம். சேர்ந்து பின்றதுல கிடைக்கிற சந்தோஷமும் இதேதான்.

எங்கள் குழுவில் 12 பேர். சென்னை, கோவை, பெங்களூர் என்று ஆளுக்கொரு பக்கம். போன பங்குனியில் 8 நாள் கணக்கு வைத்தோம். அதுக்கு முன்னாடி நான் ஒரு வாரம் தளவானூருக்குப் போயிருந்தேன். போகும்போது ஊசியும் நூலும் பையில் இருந்தது.

தளவானூரைத் தெரியாதவர்களுக்கு: விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சி வட்டத்தில் இருக்கிற கிராமம். மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக் கோயில் அங்கே இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டு. சத்ருமல்லன் என்கிற அவனுடைய பட்டப்பெயரால் அதைச் சத்ருமல்லேஸ்வரம் என்பார்கள். முகப்புத் தூண்களுக்கு மேலே மாலை வளைந்து தொங்குவது போல மகர தோரணத்தைக் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள். ஊரைச் சுற்றிப் பாறையும் வயலும். மல்லாட்டை போடுகிற பூமி. வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பேர் மல்லாட்டை.

சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து நான் பின்னிக்கொண்டிருந்தேன். அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "என்னா கண்ணு, ரெண்டு குச்சிய வச்சிக்னு இந்தக் குத்து குத்துற?" என்றார். அப்படித்தான் ஆரம்பம்.

மாதிரி

நாங்க எடுத்துக்கிட்டது ரொம்பப் பழைய, ரொம்ப எளிய மாதிரி. யார் கண்டுபிடிச்சதுன்னு பேர் இல்லாம, பாட்டி கைமுறை மாதிரி கைமாறி வந்தது. ஒரு மூலையில் ஆரம்பிச்சு எதிர் மூலையில் முடியும். மொத்தமும் இவ்வளவுதான்:

ஊசியில் 4 கண்ணி ஏற்றுங்கள். ஒரு வரிசை சாதாரணமாகப் பின்னுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு வரிசையிலும்: 2 கண்ணி பின்னுங்கள், நூலை ஊசி மேல் ஒரு சுற்று சுற்றுங்கள், மீதிக் கண்ணிகளைக் கடைசி வரை பின்னுங்கள். அந்தச் சுற்று புதுக் கண்ணியாகிவிடும். அதனால் வரிசைக்கு ஒரு கண்ணி கூடும். 44 கண்ணி வரும் வரை இதே.

பிறகு இறக்கம். ஒவ்வொரு வரிசையிலும்: 1 கண்ணி பின்னுங்கள், அடுத்த 2 கண்ணியைச் சேர்த்து ஒன்றாகப் பின்னுங்கள், நூலை ஒரு சுற்று சுற்றுங்கள், மறுபடி 2 கண்ணியைச் சேர்த்துப் பின்னுங்கள், மீதியைக் கடைசி வரை பின்னுங்கள். இரண்டு இடத்தில் சேர்த்ததால் 2 குறையும், சுற்றினதால் 1 கூடும். ஆக, வரிசைக்கு ஒன்று குறையும். திரும்ப 4 கண்ணி வந்ததும் முடித்து, நூலை அறுத்து, நுனியை உள்ளே ஊசியால் கோர்த்து மறைத்துவிடுங்கள்.

இதை நான் தாளில் எழுதி அத்தைகிட்ட விளக்கப் பார்த்தேன். தாளை வாங்கவே இல்லை. "4-ல ஆரம்பிச்சி 44 வரைக்கும் ஏறி, திரும்ப 4-க்கு எறங்கணும். அவ்ளோதான? ஊடுபுள்ளி வைக்கிற மாதிரி" என்றார். கோலப் புத்தகத்தில் '15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி' என்று போட்டிருந்தால், அதைப் படித்த மாத்திரத்தில் மனசில் கட்டம் போடுகிறவர்கள் நம் வீட்டுப் பெண்கள். நிட்டிங் குறிப்பும் அதே வகை மொழிதான். நான் மூணு வீடியோ பார்த்துப் புரிஞ்சுக்கிட்டதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

இது ஏன் சதுரமாக வருகிறது?

இது எனக்கே ரொம்ப நாள் புரியாம இருந்த விஷயம். கண்ணியைக் கூட்டிக்கிட்டே போனா முக்கோணம் வரும், சரி. அந்த முனை ஏன் சரியா 90 டிகிரி மூலையா வருது?

எல்லா வரிசையையும் ஒரே மாதிரி பின்னும்போது துணியில் மேடும் பள்ளமும் வரும். இரண்டு வரிசை சேர்ந்தால் ஒரு மேடு. அத்தை இதற்கு வைத்த பெயர் 'வரப்பு'. இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை, நானும் அதையே வைத்துக்கொண்டேன். இந்த வகைப் பின்னலில் ஒரு கண்ணியின் அகலமும் ஒரு வரப்பின் உயரமும் கிட்டத்தட்ட சமம். ஒவ்வொரு வரிசையின் ஆரம்பத்திலும் ஒரு கண்ணி கூட்டுகிறோம். ஒரு வரிசை முடிந்ததும் துணியைத் திருப்புகிறோம். ஆக, ஒரு வரப்பு ஏறுவதற்குள் இடப்பக்கம் ஒரு கண்ணி, வலப்பக்கம் ஒரு கண்ணி. ஒன்று மேலே, ஒன்று பக்கவாட்டில். அது 45 டிகிரி சாய்வு. இரண்டு பக்கமும் 45 சேர்ந்தால் 90. சதுரத்தின் மூலை.

இதில் இன்னொரு வசதியும் இருக்கு. 44-ல்தான் திரும்பணும்னு கட்டாயம் இல்லை. கையில் எவ்வளவு நூல் இருக்கோ அதைச் சமையல் தராசில் எடை போடுங்க. பாதி தீரும் நேரத்துல இறங்க ஆரம்பிங்க. கொஞ்சம் முன்னாடியே திரும்பினா இன்னும் நல்லது, கடைசில நூல் போதாமப் போகாது. சின்னதோ பெரிசோ, சதுரம் வரும்.

எந்த நூல்?

பருத்தி மட்டும். இதில் விட்டுக்கொடுக்காதீங்க. பருத்தி இழை தண்ணீரை உறிஞ்சும். நனைந்தால் பலம் கூடுகிற இழை அது. துவைக்கவும் பிழியவும் பயப்பட வேண்டாம். கடையில் பளபளவென்று மலிவாகக் கிடைக்கிற அக்ரிலிக் நூல் பிளாஸ்டிக் குடும்பம். தண்ணீரை உறிஞ்சாது. சூடான சட்டியைப் பிடித்தால் உருகும், கையில் ஒட்டும். கம்பளி சுடுதண்ணியில் அலசினால் சுருங்கிக் கட்டியாகிவிடும்.

நடுத்தரத் தடிமன் நூலுக்கு 4 அல்லது 4.5 மில்லிமீட்டர் ஊசி சரியாக இருக்கும். மூங்கில் ஊசி புதுசா கத்துக்கிறவங்களுக்கு நல்லது, கண்ணி வழுக்கிக் கீழே விழாது. வரப்பு வரப்பாக இருக்கிற பரப்பு பாத்திரத்தில் காய்ந்துபோனதைச் சுரண்டி எடுக்கும், தண்ணீரையும் பிடித்துவைக்கும். ஒரு எச்சரிக்கை: அடுப்படியில் எப்பவும் ஈரமாக இருக்கிற எந்தத் துணியிலும் கிருமி வளரும். தினமும் அலசி, வெயிலில் காயப்போடுங்க. வாரம் ஒருமுறை கொதிக்கிற தண்ணியில் போட்டு எடுங்க.

இதையெல்லாம் சொன்னபோது அத்தை தன் வீட்டுக் கரித்துணியை எடுத்துக் காட்டினார். மாமாவோட பழைய பனியன். "இதுவும் நீ சொல்ற கண்ணிதான? இது காசே இல்லியே" என்றார். அப்பவே நான் கொஞ்சம் யோசித்திருக்கணும்.

எட்டு நாள் கணக்கு

ஏறுவதற்கு 40 வரிசை, இறங்குவதற்கு 40 வரிசை. நாளைக்கு 10 வரிசை என்றால் 8 நாள். கேட்க ரொம்பச் சுலபம். ஆனால் 10 வரிசை எல்லா நாளும் ஒரே 10 வரிசை இல்லை.

முதல் நாள் வரிசைகள் குட்டி. மொத்தம் 95 கண்ணிதான். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும், "அட, இவ்வளவுதானா" என்று இருக்கும். நாலாவது நாள் அதே 10 வரிசைக்கு 395 கண்ணி. ஐந்தாவது நாள் 385. எட்டாவது நாள் 85. எட்டு நாளையும் கூட்டினால் 1,920 கண்ணி.

அதனால்தான் எந்தக் குழுவிலும் நாலாவது நாள் ஆட்கள் காணாமல் போகிறார்கள். சோம்பேறித்தனம் இல்லை, முதல் நாளைவிட நாலு மடங்கு வேலை அது. எங்கள் 12 பேரில் மூணு பேர் நாலாவது நாள் மௌனமாகிவிட்டார்கள். அன்னைக்கு ராத்திரி ஒருத்தர் வீடியோ கால் போட்டார், எல்லாரும் உட்கார்ந்து பேசிக்கொண்டே பின்னினோம். காணாமல் போன மூணு பேரில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். சேர்ந்து பின்றதோட பயன் முதல் நாளில் தெரியாது. நாலாவது நாள்தான் தெரியும். நீங்க குழு நடத்தினா, வரிசையைப் பங்கு போடாதீங்க, கண்ணியைப் பங்கு போடுங்க. நாளைக்கு 240 கண்ணி. முதல் நாள் நிறைய வரிசை, நடுவில் கம்மி.

அத்தை தளவானூரில் இருந்து போனில் சேர்ந்துகொண்டார். பதிமூணாவது ஆள். தினமும் ராத்திரி அத்தையோட வரப்பை எண்ணி அக்கா மகள் போட்டோ எடுத்து அனுப்புவாள். ஐந்தாவது நாளே அத்தை முழுத் துணியையும் முடித்துவிட்டார். யாரோ "ஆன்ட்டி, இதை விக்கலாம்!" என்று எழுதினார்கள். அத்தை என்னைக் கூப்பிட்டு, "நெசமாவா? காசு வருமா கண்ணு?" என்று கேட்டார்.

நான், "வரும் அத்தை, இப்பல்லாம் கையால செஞ்சதுக்குத்தான் மவுசு" என்றேன். யோசிக்கவே இல்லை. நல்ல வார்த்தை சொல்கிறோம் என்கிற நினைப்பு.

கைவேலையும் கூலியும்

இங்க கொஞ்சம் வரலாறு. ஏன்னா என்னோட அந்த வாக்கியத்தைச் சொன்ன முதல் ஆள் நான் இல்லை.

நம் ஊரில் நூல் பின்னல் வேலை பெண்களின் வருமானமாக மாறினது 19-ஆம் நூற்றாண்டில். நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட், அவர் மனைவி மார்த்தா மால்ட் இருவரும் 1819-இல் வந்து சேர்ந்தார்கள். மார்த்தா அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது திருவிதாங்கூர் சமஸ்தானம், அடிமை முறை இருந்த காலம். லேஸ் விற்ற காசில் சில பெண்கள் தங்களை விலை கொடுத்து மீட்டுக்கொண்டார்கள் என்று மிஷன் வரலாறு சொல்கிறது. திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்து அரசு ஆணை வந்தது 1855-இல்தான். மார்த்தாவின் மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லைத் திருமணம் செய்துகொண்டு இடையன்குடிக்குப் போனார். அங்கேயும் லேஸ் பள்ளி தொடங்கினார். கைவேலை ஒரு மனுஷியை விடுவிக்க முடியும் என்பதற்கு இது சாட்சி.

இன்னொரு பக்கமும் இருக்கு. ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் நரசாபூர். மிஷனரிகள் வழியாக வந்த குரோஷா லேஸ் அங்கே பெரிய ஏற்றுமதித் தொழிலாகிவிட்டது. மரியா மீஸ் என்கிற ஜெர்மானியச் சமூகவியலாளர் அங்கே ஆய்வு செய்து 1982-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் காட்டினது இதுதான்: பல மணிநேரம் பின்னுகிற பெண்களை யாரும் தொழிலாளி என்று சொல்லவில்லை. வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள் என்றே பேச்சு. பொழுதுபோக்குக்கு எதுக்குக் கூலி? அதனால் அவர்கள் கைக்கு வந்தது மிகச் சொற்பம். லேஸ் கடல் கடந்து போனது, லாபம் வியாபாரிக்குப் போனது.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கு, காசே இல்லாத வழி. சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் என்கிற குழு. ஊர் ஊராக, நாடு நாடாக இருக்கிற பெண்கள் அவரவர் வீட்டில் சதுரம் சதுரமாகப் பின்னி அனுப்பினார்கள். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் அதையெல்லாம் ஒன்றாக இணைத்து விரித்தார்கள். 11,148.5 சதுர மீட்டர். ஒன்றரைக் கால்பந்து மைதானம் அளவுக்குப் போர்வை. கின்னஸ் சாதனை. அதன்பிறகு பிரித்து, தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் 14 கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஸ்கார்ஃப். அதில் யாரும் கூலி கேட்கவில்லை, யாரும் கூலி வரும் என்று சொல்லவும் இல்லை. ஆரம்பத்திலேயே எல்லாருக்கும் அது தெரியும்.

குரோஷாவுக்கும் நிட்டிங்குக்கும் வித்தியாசம் கேட்பீங்க: குரோஷாவில் ஒரே கொக்கி ஊசி, ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒரே கண்ணிதான் ஊசியில் இருக்கும். நிட்டிங்கில் 44 கண்ணியும் ஊசியில் காத்திருக்கும், ஒன்று நழுவினால் கீழே வரை இறங்கும். நிட்டிங்குக்கு 1589-இலேயே வில்லியம் லீ என்பவர் இங்கிலாந்தில் மிஷின் கண்டுபிடித்துவிட்டார். திருப்பூர் மிஷின்களின் பூர்வீகம் அதுதான். கையால் நிட்டிங் பண்ணி விலை சொல்கிற ஒருவர், 400 வருஷத்துக்கும் மேலாக மிஷினோடு போட்டி போட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் போடாத கணக்கு

இதையெல்லாம் நான் அப்பவே படிச்சிருந்தேன். ஆனாலும் அத்தைகிட்ட "வரும்" என்று சொல்லிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அக்கா மகள் போன் பண்ணினாள். அத்தை மூணு துணி முடித்துவிட்டார். மூணாவதை முடிப்பதற்காக அன்னைக்கு மல்லாட்டை ஆயப் போகவில்லை. அறுவடை நேரம், கூலி கிடைக்கிற நாள் அது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கூப்பிட்டும், "டவுன்ல கேட்டிருக்காங்க, முடிச்சிக் குடுக்கணும்" என்று சொல்லி வீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீங்களும் கூடவே போடுங்க. 1,920 கண்ணி. புதுசா கத்துக்கிறவர் நிமிஷத்துக்கு 10 கண்ணி. அது 3 மணி 12 நிமிஷம். பிரித்துத் திருத்துகிற நேரத்தையும் சேர்த்தால் 4 மணி நேரம். தமிழ்நாட்டில் 2024-25-இல் நூறு நாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 319 ரூபாய். எட்டு மணி நேர நாளாக வைத்துக்கொண்டால் மணிக்குச் சுமார் 40. நாலு மணி நேரத்துக்கு 160. நான் வாங்கின நூல் ஒரு துணிக்கு 80 ரூபாய் ஆச்சு. மொத்தம் 240. அத்தை மூணாவது துணியில் கை வேகம் பிடித்து நிமிஷத்துக்கு 20 கண்ணி போட்டிருந்தாலும், 150-க்குக் கீழே வராது. இதில் கடைக்காரர் பங்கு இல்லை, கூரியர் இல்லை.

பாத்திரம் துடைக்கிற ஒரு துணிக்கு 150 ரூபாய் கொடுக்கிறவங்க எத்தனை பேர்? அந்தக் காசுக்குக் கடையில் மிஷின் துணி ஒரு கட்டே வரும். இல்லாவிட்டால் மாமாவோட பழைய பனியன் சும்மாவே இருக்கு. விலையைக் குறைக்கணும்னா நூல் விலை குறையாது. குறையக்கூடியது ஒன்றுதான், அத்தையோட நேரம். நரசாபூரில் நடந்ததும் அதுதான்.

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனேன். மூணு துணியையும் நானே 200 ரூபாய்க்கு வாங்கிக்கறேன், நண்பர்கள் கேட்டாங்கன்னு சொல்லிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பஸ்ஸில் போகும்போதே அது இன்னொரு பொய் என்று தோன்றியது. போய் கணக்கை அப்படியே சொன்னேன். ஒரு நாள் கூலி போனது என்னாலதான் என்றும் சொன்னேன்.

அத்தை கோபப்படவில்லை. ஆனால் சிரிச்சு மழுப்பவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "காசு வராதுன்னா வராதுன்னு மொதல்லயே சொல்லிடணும் கண்ணு. அப்ப நான் இத ராத்திரிக்குப் போடுவேன். பகல்ல போட மாட்டேன்."

இதைவிடத் தெளிவா யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. ராத்திரி வேலை நமக்காக. பகல் வேலை கூலிக்காக. ரெண்டும் நல்லதுதான். ராத்திரி வேலையைப் பகல் வேலைன்னு சொல்லி ஒருத்தர் கையில கொடுக்கறதுதான் தப்பு. "உங்க சமையல் சூப்பர், யூடியூப் ஆரம்பிங்க", "உங்க தையல் அழகா இருக்கு, ஆன்லைன்ல விக்கலாமே" என்று நம்ம அம்மாக்கள்கிட்ட எவ்வளவு சுலபமா சொல்றோம். சொல்றவங்களுக்கு அது பாராட்டு. கேட்கிறவங்களுக்கு அது ஒரு திட்டம். அதுக்காக அவங்க எதையாவது விட்டுக்கொடுக்கலாம்.

நீங்க ஆரம்பிக்கணும்னா

இவ்வளவு சொன்னபிறகும் நான் உங்களைப் பின்னச் சொல்றேன். ராத்திரிக்கு.

4 பேர் போதும். 50 கிராம் பருத்தி நூல், ஒரு ஜோடி ஊசி, 8 நாள். முதல் நாள் கண்ணி ஏற்றுவதற்கு மட்டும் யாராவது ஒருத்தர் மற்றவர்களுக்கு நேரில் காட்டட்டும், வீடியோவைவிட அது வேகம். வரிசை முடியும்போதெல்லாம் கண்ணியை எண்ணுங்க. எண்ணிக்கை தவறினால் அந்த வரிசையிலேயே பிரிக்கலாம், பத்து வரிசை கழித்துப் பிரிக்க வேண்டாம். நாலாவது நாள் ராத்திரி கண்டிப்பா ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடுங்க.

கையால் செய்ததை விலைக்கு வாங்கும்போது, பேரம் பேசறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி: இதுக்கு எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும்? விலையில் நூலைக் கழிச்சுட்டு மிச்சத்தை அந்த மணிநேரத்தால் வகுத்துப் பாருங்க. வர்ற எண்ணை மனசுக்குள்ள வச்சுக்கிட்டு அப்புறம் பேசுங்க.

அத்தை இப்பவும் பின்றார். டி.வி. சீரியல் நேரத்துல, ஒரு வாரத்துக்கு ஒண்ணு. ஒண்ணு பெரிய மகளுக்கு, ஒண்ணு எதிர்வீட்டுக்கு. முதலாவது துணி அவர் அடுப்பு பக்கத்துல ஆணியில் தொங்குது, குழம்புச் சட்டி இறக்கறதுக்கு. அதில் ஏறுகிற பக்கம் ஒரு கண்ணி தவறிப் போய் ஒரு ஓட்டை இருக்கு. திருத்தித் தரட்டுமான்னு கேட்டேன். "அது ஆணியில மாட்டறதுக்கு" என்றார்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.